கண்ணாடி மேலே போன நேரம்

மகன்,

ஸலாம் சொல்கிறேன், அது கடமை. சுகமா என்று கேட்கமாட்டேன். நீ சுகமாகத்தான் இருப்பாய். கொழும்பில் கூட்டாளியின் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாய். கட்டாருக்கு விசா வந்துவிட்டது, வேலையும் நல்ல வேலையாம். இதெல்லாம் ஊர்ச் சனம் சொல்லித்தான் எனக்குத் தெரியும், ஏனென்றால் நீ என் போனை எடுப்பதில்லை. போன் எடுக்காத பிள்ளைக்கு எழுதத்தான் வேண்டும். உனக்கு மட்டும் அனுப்பினால் பிரிக்காமலே பெட்டிக்கு அடியில் தள்ளிவிடுவாய் என்பதால் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். யாருடைய பெயரையும் எழுதவில்லை. கல்முனையில் படிக்கிறவர்களுக்குப் பெயர் தேவைப்படாது, அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

கடைசியாக நீ என்னோடு கதைத்தபோது ஒரு கேள்வி கேட்டாய். "உம்மா, வாப்பாட கமராவ எனக்குத் தாங்க. உங்கட எஸ்.எல்.ஆர். தெருவுக்குச் சரிவராது. ஒரே சத்தம். படம் எடுக்கிற நேரம் கண்ணுக்கு ஒண்டும் தெரியிதுமில்ல. வாப்பாட ரேஞ்ச்ஃபைண்டர் எண்டா பாத்துக்கிட்டே எடுக்கலாம், ஒருத்தருக்கும் கேக்கவும் கேக்காது" என்றாய். "சந்தையில என்ன மகன் நடந்த?" என்று நான் கேட்டேன். ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். சரி, என் கேள்வியை ஒரு பக்கம் வை. முதலில் உன்னுடைய கேள்விக்குப் பதில் சொல்கிறேன். அந்தக் கேள்விக்காக உன் வாப்பாவும் நானும் சண்டை பிடிக்காத நாள் குறைவு. ஸ்டூடியோ வைத்துப் பிழைத்த எங்களை விட்டால் உனக்குச் சொல்ல இந்த ஊரில் ஆளில்லை.

என்னுடைய கமராவில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. லென்ஸ் பார்ப்பதை அப்படியே உன் கண்ணுக்குக் காட்டுவது அதுதான். பட்டனை அமுக்கினால் கண்ணாடி சடக்கென்று மேலே போகும், பிலிமில் வெளிச்சம் விழும், மறுபடி கீழே இறங்கும். அது மேலே போய்வரும் அந்தக் கணத்தில் உனக்கு இருட்டு. வாப்பாவின் கமராவில் கண்ணாடியும் இல்லை, இருட்டும் இல்லை. ஓரத்தில் தனியாக ஒரு சின்ன ஜன்னல், அதற்குள் வெள்ளைக் கோட்டால் ஒரு கட்டம். கட்டத்துக்குள் இருப்பது படத்தில் விழும். கட்டத்துக்கு வெளியே நடப்பதும் உன் கண்ணுக்குத் தெரியும். சத்தம் என்று பார்த்தால் நகம் வெட்டுகிற அளவுதான். அதில் ஒரு வில்லங்கமும் உண்டு. ஜன்னல் வேறு, லென்ஸ் வேறு என்பதால் லென்ஸின் மூடியைக் கழற்றாவிட்டாலும் ஜன்னலில் எல்லாம் அழகாகத் தெரியும். பெருநாள் கூட்டம் முழுவதையும் உன் வாப்பா அப்படி மூடியோடு எடுத்துக்கொண்டு வந்து நின்றதை நான் அவர் கண் மூடி வபாத்தாகும் வரைக்கும் சொல்லிச் சிரித்தேன். நான் எஸ்.எல்.ஆரோடு போனால் ஊருக்கே அறிவித்தல் கொடுத்துக்கொண்டு போகிறேன் என்பார் அவர். நீங்கள் கள்ளனைப் போல எடுக்கிறீர்கள் என்பேன் நான்.

ஒருநாள் அவர் மருதமுனைக் கடற்கரைக்குக் கரைவலை இழுப்பதை எடுக்கப் போனார். இரண்டு வலைக்காரருக்கு இடையில் எல்லைத் தகராறு. வாய்ப்பேச்சு முற்றிக் கைகலப்பாகி, தோணியிலிருந்து துடுப்புகளை எடுத்துக்கொண்டு பாய்ந்தார்கள். மணலில் விழுந்தவனை மிதித்தார்கள், விழுந்தவன் மிதித்தவனின் காலைக் கடித்தான். இவர் கமராவைக் கண்ணில் வைத்தபடி நடுவில் நிற்கிறார். கட்டத்துக்கு வெளியே, இடது ஓரத்தில், துடுப்பு ஒன்று தன் பக்கம் வருவது ஜன்னலில் தெரிந்ததாம், குனிந்துவிட்டார். அடி பின்னால் நின்றவனின் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கடல் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது என்று வீட்டுக்கு வந்து சோறு தின்றுகொண்டே சொன்னார். "உண்ட கமராவா இருந்திருந்தா எண்ட மண்டை இப்ப ரெண்டு" என்றும் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த அகப்பையை எறிந்தேன். நெற்றியில் பட்டு இரத்தம் வந்தது. "பின்னால நிண்டவன்ட மண்டையப் பத்திக் கவலையில்லியா உங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு மீதிச் சோற்றையும் தின்றார்.

அடுத்த நாள் அந்தப் பிலிமைக் கழுவியது நான். துடுப்பு வருகிற படம் இருந்தது, கோணலாக. அதற்குப் பிறகு அந்தப் பிலிமில் ஒரு படமும் இல்லை. பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. ஏன் என்று பிறகுதான் தெரிந்தது: தோள் முறிந்தவனைத் தூக்கிச் சுமந்துகொண்டு றோட்டு வரை ஓடியிருக்கிறார், அங்கிருந்து ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு. அந்த ஆளின் பெண்சாதி மீன் கொண்டுவந்து சொன்னதால்தான் எனக்குத் தெரியும். மனுசன் குனிந்ததை மட்டும்தான் வீட்டில் சொன்னார்.

இனி என் கமராவின் கதை. கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் எடுக்க ஆம்பிளைகள் போக முடியாது என்பதால் நான் தேவைப்பட்டேன். ஒரு வீட்டில் மணப்பெண் அழுதுகொண்டே இருந்தாள், தலையை நிமிர்த்தவே மாட்டேன் என்றாள். மாமியார் பக்கத்து மனுசி ஒருத்தி அவளுக்கு அருகில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்து, முந்தானைக்குக் கீழே அவள் கையில் நகத்தை இறக்கிக் கொண்டிருந்தாள். முந்தானை விலகியதில் தோல் கிழிந்து இரத்தம் கசிவது தெரிந்தது. நான் பட்டனை அமுக்கினேன். சடக். அறையே திரும்பிப் பார்த்தது. அந்த மனுசி எழும்பி வந்து என் கன்னத்தில் விட்ட அறையில் கமரா உதட்டில் இடித்துப் பல் ஆடிப்போனது. நானும் விட்டேன் ஒன்று, சும்மா இருக்க நான் என்ன மரமா? அதோடு அந்தக் குடும்பத்துக் கல்யாணம் ஒன்றுக்கும் என்னை யாரும் கூப்பிடவில்லை. ஆனால் அந்தப் பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒருத்தி கண்டுவிட்டாள் என்று அவளுக்கு அந்தச் சத்தத்தில்தான் தெரிந்தது.

ஆகவே தெருவுக்கு எது நல்லது என்று கேட்டால் இதுதான் என் பதில். கட்டத்துக்கு வெளியே நடப்பதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாதவன் கையில் வாப்பாவின் கமரா நல்லது. மற்ற எல்லோருக்கும் சத்தம் போடுகிறதுதான் சரி. படத்தில் விழுகிற மனிதனுக்குக் கேட்க வேண்டும்; அவன் கையை உயர்த்தி மறிக்கலாம், ஏசலாம், வந்து அடிக்கலாம். அவனுக்கு அந்த உரிமை இருக்கிறது. ஒருத்தருக்கும் கேட்காது என்று நீ சந்தோஷமாகச் சொன்னாய் பார், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இப்போது சந்தைக்கு வருகிறேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்து நின்றபோது என் கமராவில் நீ எடுத்த பிலிமையும் கமராவையும் கொடுத்து, "உம்மா, கழுவி வைங்க, மறுகா வந்து எடுக்கன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாய். சந்தைப் பக்கம் ஏதோ சண்டை என்று மட்டும் சொன்னாய். உன் முகம் வெளிறிப் போயிருந்தது, பயணக் களைப்பு என்று நினைத்தேன். பிறகு ஸ்டூடியோவின் இருட்டறையில் கழுவித் தொங்கவிட்டேன். முதலில் மாட்டு இறைச்சிக் கடை, பலூன்காரன், தொப்பி விற்கிற சின்னப் பையன்கள். நல்ல படங்கள்தான், பொய் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் றோட்டில் சரிந்து கிடக்கிறது, சுற்றிவர ஆட்கள். அடுத்ததில் ஒரு பொடியன் முழங்காலில், சேட்டுக் கிழிந்து, ஒரு கையால் தலையை மூடிக்கொண்டு, மறு கையில் சாவியைத் தூக்கிக் காட்டிக்கொண்டு. அடுத்ததில் அவன் கையைக் காலால் மிதிக்கிறான் ஒருவன். அடுத்ததில், கடைகளில் ஷட்டரை இழுத்து மூட ஒரு நீளக் கம்பி வைத்திருப்பார்களே, கொக்கி வைத்தது, அந்தக் கம்பி உயர்ந்திருக்கிறது. அதைப் பிடித்திருப்பது உன் மச்சான். என் மகளின் மாப்பிள்ளை.

அடுத்த படத்தில் பொடியனின் முழங்கை மடங்கக் கூடாத பக்கத்துக்கு மடங்கியிருக்கிறது. அதற்கடுத்ததில் கம்பி மறுபடி மேலே. அதற்கும் பிறகு அந்தப் பொடியன் வாயெல்லாம் இரத்தமாக உன் பக்கம் திரும்பி நேராக லென்ஸைப் பார்க்கிறான். சடக் என்ற சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. அந்த இடத்தில் நின்ற அத்தனை பேரிலும் அவனை அடிக்காத கை உன்னுடையதுதான், அதனால் உன்னைப் பார்த்தான். நீ என்ன செய்தாய்? அடுத்த படத்துக்குப் பிலிமை இழுத்தாய்.

அவன் செய்த குற்றம் என்ன தெரியுமா? இறக்காமத்திலிருந்து உம்மாவுக்கு மருந்து வாங்க வந்திருக்கிறான். மருந்துக் கடை வாசலில் அவனுடைய மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் அதே நிறத்தில், அதே கம்பனியின் இன்னொரு மோட்டார் சைக்கிள். தேய்ந்த பழைய சாவி அதற்கும் பொருந்தித் தொலைத்துவிட்டது. தன்னுடையது என்று அதில் ஏறிக் கொஞ்சத் தூரம் போகுமுன் யாரோ "கள்ளன்" என்று கத்தினார்கள். அவ்வளவுதான்.

நீ கமராவைக் கேட்ட அந்தக் கடைசிப் போனில்தான் இதையும் கேட்டேன். "மச்சான் அடிச்சதக் கண்டயா?" என்றேன். "இல்ல உம்மா. எண்ட கையில இருந்த உங்கட எஸ்.எல்.ஆர். கண்ணாடி மேல போன நேரம் எனக்கு இருட்டு. அடி விழுந்தத நான் காணல்ல" என்றாய். நான் இந்தத் தொழிலில் கிழவியானவள் என்பதை மறந்து என்னிடம் சொல்லியிருக்கிறாய். ஒரு படத்துக்கு நீ சொல்வது சரி, மகன். பட்டனை அமுக்கிய அந்தக் கணம் இருட்டு. ஆனால் அடுத்த படத்துக்குப் பிலிமை நகர்த்தப் பெருவிரலால் நெம்புகோலை இழுக்க வேண்டும். இழுக்கும்போது கண்ணாடி கீழே இருக்கும், எல்லாம் பளிச்சென்று தெரியும். கம்பி இறங்கியதும் தெரியும், முழங்கை முறிந்ததும் தெரியும். நீ இழுத்தாய், அமுக்கினாய், மறுபடி இழுத்தாய். ஒவ்வொரு முறையும் பார்த்தாய். உன் வாப்பாவின் பிலிம் துடுப்போடு நின்றது. உன்னுடையது முடியும் வரைக்கும் ஓடியிருக்கிறது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பொடியனைப் பார்த்தேன். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், கஞ்சித் தண்ணி மட்டும்தான் இறங்குகிறது. வலக்கை இனி மண்வெட்டி பிடிக்காது என்று டொக்டர் சொன்னாராம். அவர்களுக்கு வயல்தான் சீவியம். அவனுக்கு நம் ஊரில் ஒருவரையும் தெரியாது. அடித்தது யாரென்று கேட்டால் தெரியாது என்று தலையை ஆட்டுகிறான். அவனுடைய உம்மா எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தாள். "கடைக்காரங்க எல்லாரும் காணல்ல எண்டு சொல்லுறாங்களாம் பொலிஸுக்கு. இவ்வளவு சனம் நிண்ட இடத்துல ஒருத்தர்ர கண்ணுலயும் படல்லியாம் கா" என்றாள். பிறகு "நீங்க ஆரு?" என்று கேட்டாள். "படம் எடுக்கிற பொம்புள" என்றேன். அந்தத் தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

நம் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. என் மகளுக்கு, உன் ராத்தாவுக்கு, எழுதிக் கொடுத்த வீட்டில் ஒரு அறையில்தான் நான் இருந்தேன். உன் மச்சான் மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து அவருக்கு முன்னால் நான் உட்கார்ந்ததில்லை, நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. கறியில் உப்புக் கூடவா என்று கேட்பதென்றாலும் கதவுக்குப் பின்னால் நின்று ராத்தாவிடம் கேட்பேன், அவர் ராத்தாவுக்குச் சொல்வார். நல்ல மருமகன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். எனக்கு நெஞ்சு வலித்தபோது என் மகளின் கையில் காரைக் கொடுக்காமல் தானே ஓட்டிக்கொண்டு போனவர், வழியெல்லாம் ஒரு சொல் கதைக்காமல் அழுதவர். அதே கைதான் கம்பியைப் பிடித்திருக்கிறது.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தபோது கதவைத் தாண்டி வந்தேன். அவர் திடுக்கிட்டுச் சோற்றுக் கையோடு எழும்பினார். கம்பியோடு அவர் நிற்கிற படத்தை அச்சடித்து, ஈரம் காயாமலே அவருடைய சோற்றுப் பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்தேன். "மருமகன், இது ஆரு?" என்றேன். அவரிடம் நான் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. "நான்தான் மாமி" என்றார். "கள்ளன் எண்டு சொன்னாங்க. எல்லாரும் அடிச்சாங்க. எனக்கு என்ன புடிச்ச எண்டே தெரியா" என்றார். "நீங்களே பொலிஸுக்குப் போங்க, நானும் கூட வாறன்" என்றேன். அவர் படத்தைக் கவிழ்த்து வைத்தார். ராத்தாதான் பாய்ந்து வந்து படத்தைச் சுக்குநூறாகக் கிழித்தாள். கிழித்துவிட்டு என் அபாயாவைப் பிடித்து உலுக்கினாள், நான் சுவரில் மோதினேன். "இவர் உள்ளுக்குப் போனா எண்ட புள்ளையள ஆரு பாக்கிற? சொல்லுங்க உம்மா! அவன் ஆரோ, நாங்க ஆரோ? உங்கட மகன்தானே படம் எடுத்த, அவன் வாயத் துறந்தானா?" என்று கத்தினாள். பிறகு, "இது எண்ட வீடு" என்றாள்.

அது அவளுடைய வீடுதான். சட்டப்படியும் சரி, வழமைப்படியும் சரி. நான் என் உடுப்பையும் இரண்டு கமராக்களையும் எடுத்துக்கொண்டு ஸ்டூடியோ அறைக்கு வந்துவிட்டேன். பேரப்பிள்ளைகள் வாசல் வரை அழுதுகொண்டு வந்தார்கள். நான் கல் இல்லை, மகன். என் மகளின் குடும்பத்தை நான் என் கையால் உடைக்கிறேன் என்று எனக்குத் தெரியும். ராத்தா என் முகத்தில் விழிக்கமாட்டாள், ஒருவேளை நான் செத்தால் என் ஜனாசாவுக்குக் கூட வரமாட்டாள். அந்தப் பொடியனின் உம்மாவையும் என் மகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தேன். என் மகளைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். அப்படி இருந்தும் மருமகனுக்கு மூன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடியும் வரை காத்திருந்தேன். அவர் போகவில்லை. அவர் போயிருந்தால் உன்னை இதற்குள் இழுத்திருக்கமாட்டேன்.

நேற்றுக் காலை பிலிமை எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி வெளிச்சத்தில் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். "படம் தெளிவா இரிக்கி. ஆனா படம் மட்டும் போதா. இத எடுத்தவர் வந்து, நான்தான் எடுத்தன், இந்த இடத்துல, இந்த நேரம், இப்பிடித்தான் நடந்த எண்டு சொல்லோணும். இல்லாட்டி கோட்டுல நிக்காது" என்றார். வாப்பாவின் கமரா என்னிடம்தான் இருக்கிறது. அதை நீ கட்டாருக்குக் கொண்டு போக விரும்பினால் கொண்டு போ, வேண்டாம் என்றால் சத்தம் போடுகிறதையே கொண்டு போ. இரண்டையும் துடைத்து வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நீ ஒரு இடத்துக்குப் போக வேண்டும்.

"எடுத்தது ஆரு?" என்று அதிகாரி கேட்டார். நான் எடுத்தேன் என்று பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். கல்முனையில் கமரா வைத்திருக்கிற பொம்புளை நான்தான், நம்பியிருப்பார்கள். ஆனால் நான் அங்கே இருக்கவில்லை. அந்தப் பொடியன் பார்த்தது என்னை இல்லை. உன் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரையும், கொழும்பில் நீ தங்கியிருக்கிற இடத்தையும், பயணத் திகதியையும் சொன்னேன். அவர் எழுதி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று எழுத்துக்களைச் சரிபார்த்தேன்.

உன் உம்மா